அப்டேட் போட்ட மறுநாள் திரையில் பச்சைக் கோடு: வாரண்டி முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்பவர். 2024 பிப்ரவரியில் உள்ளூர்க் கடையில் ரூ.38,999 கொடுத்து ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கினார். வாரண்டி ஓராண்டு. 2025 டிசம்பரில் போன் கேட்ட சாஃப்ட்வேர் அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் திரையின் வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. மூன்று வாரத்தில் கோடு மூன்றாயிற்று, ஒன்று இளஞ்சிவப்பு.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் திரை மாற்ற ரூ.14,200 கேட்டார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். ஓரத்தில் ஒரு சிராய்ப்பைக் காட்டி, அடி பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். போனை விட்டுச் செல்லும்படியும், திரைப் பூட்டைத் திறக்கும் பின் நம்பரை எழுதித் தரும்படியும், டேட்டா போனால் பொறுப்பில்லை என்ற படிவத்தில் கையெழுத்துப் போடும்படியும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து மொபைல் கடையில் ரூ.5,500க்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். பழைய சாஃப்ட்வேரை ஏற்றினால் கோடு போய்விடும் என்கிறார் தம்பி. கோபத்தில் இவர் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு விற்ற கடைக்காரர், "எடுக்காவிட்டால் சைபர் கிரைமில் 66ஏ கேஸ் கொடுப்பேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில், அங்கே போய் வழக்குப் போட முடியுமா, வக்கீல் செலவே போன் விலையைத் தாண்டாதா, பில்லில் தொழிலுக்கான ஜிஎஸ்டி எண் இருக்கிறதே என்றும் கேட்கிறார்.

சகோதரிக்கு,

சட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று இருக்கிறது. கோடு பரவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திரை முழுவதும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ போகும் நாள் சொல்லிவிட்டு வராது. அதற்குள் போனில் இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப்பை ஓடவிடுங்கள், வீடியோக்களையும் சேர்க்கும் விருப்பத்தை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். புகைப்படங்களை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள். அபவுட் போன் பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, உங்கள் சொந்தக் கணினியில் ஒருமுறை இணைத்து அனுமதி கொடுத்து வையுங்கள். திரை முழுதாகப் போனாலும் கணினி வழியாகப் போனை இயக்க ஒரு வழி மிஞ்சும். இதைத் திரை தெரியும்போதே செய்தாக வேண்டும், இருண்டபின் அந்த அனுமதியைக் கொடுக்க முடியாது. அந்த வழி இனித் தேவையில்லை என்று ஆனதும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். தொடுதல் மட்டும் நின்று படம் தெரிந்தால், சின்ன ஓடிஜி இணைப்பானில் சாதாரண மவுஸைச் செருகினாலே போதும்.

கோடு எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையில் ஒவ்வொரு நெடுக்கு வரிசைக்கும் தனித்தனி இணைப்பு கீழே இருக்கும் டிரைவர் சிப்பிலிருந்து போகிறது. அந்த இணைப்பிலோ அதைத் தாங்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பட்டையிலோ ஓரிடம் விட்டுப்போனால் அந்த வரிசை முழுவதும் கட்டுப்பாடு இழந்து எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கோடு எப்போதும் நெடுக்காக, நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. பெரும்பாலான அமோலெட் திரைகளில் பச்சைப் புள்ளிகளுக்குத் தனி வரிசையும் சிவப்புக்கும் நீலத்துக்கும் பொதுவான வரிசையும் உண்டு. முதலாவது கெட்டால் பச்சை, இரண்டாவது கெட்டால் இளஞ்சிவப்போ ஊதாவோ.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்புங்கள். அங்கே கோடு தெரியாவிட்டால் கோளாறு திரையில், சாஃப்ட்வேரில் அல்ல. போனை அணைத்துப் போடும்போது நிறுவனத்தின் சின்னம் வரும் அந்தச் சில நொடிகளிலேயே கோடு தெரிந்தாலும் அதே முடிவுதான். இரண்டையும் இன்னொரு போனில் தேதியோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உங்கள் தம்பியின் யோசனை உதவாது. கெட்டது கம்பி, அதைப் பழைய சாஃப்ட்வேர் ஒட்டாது. போதாக்குறைக்கு, பின்னோக்கி ஏற்ற, போனைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டை முதலில் திறக்க வேண்டிவரும். திறக்கும்போதே போன் முழுவதும் அழியும். பல மாடல்களில் பழைய பதிப்பை ஏற்கவிடாத தடுப்பும் உண்டு, மீறினால் போன் எழவே எழாமல் போகலாம். வங்கிச் செயலிகள் சில, திறந்த பூட்லோடர் உள்ள போனில் வேலை செய்ய மறுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், "நீங்களே கைவைத்துவிட்டீர்கள்" என்று நிறுவனம் சொல்ல நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முக்கியமான இடமும் இதுதான். "அப்டேட்தான் என் போனைக் கெடுத்தது" என்பதை வழக்கின் தூணாக நிறுத்த நினைக்கிறீர்கள். நடக்கக்கூடாதது என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. பெரிய அப்டேட் ஏறியதும் போன் எல்லாச் செயலிகளையும் புதிதாக ஒழுங்குபடுத்தும், அந்த நேரம் நன்றாகச் சூடேறும். ஏற்கெனவே நைந்திருந்த இணைப்பு அந்தச் சூட்டில் கைவிட்டிருக்கலாம். ஆனால் அப்டேட்தான் காரணம் என்று நிரூபிக்க நிறுவனத்தின் உள்ளறைத் தகவல்கள் வேண்டும், அவை உங்கள் கையில் இல்லை. 2018இல் இத்தாலியின் போட்டி ஆணையம், அப்டேட்டுகளால் பழைய போன்களின் செயல்பாட்டைக் குறைத்ததற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020இல் பிரான்ஸ், அப்டேட் பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாததற்காக ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ வாங்கியது. இரண்டும் விசாரிக்கும் அதிகாரம் கொண்ட அரசு அமைப்புகள் செய்தவை. தனி நபர் ஒருவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதைச் செய்துகாட்டுவது கடினம்.

வழக்கை நான் இப்படி நிறுத்துவேன்: ரூ.38,999 மதிப்புள்ள போனின் திரை, கீழே விழாமல், நனையாமல், சாதாரண உபயோகத்தில் 22 மாதத்தில் தானாகக் கெட்டது. இது தயாரிப்பிலேயே இருந்த குறை. நிறுவனம் அனுப்பிய அப்டேட்டுக்கு மறுநாள் அது வெளிப்பட்டது. அப்டேட் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கட்டும், முதல் வாக்கியத்தில் வேண்டாம். அது பொய்த்தாலும் வழக்கு நிற்கும்.

வாரண்டி முடிந்தபின் என்ன மிச்சம்

வாரண்டி என்பது நிறுவனம் தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. அது முடிந்தால் அந்த வாக்குறுதி மட்டும்தான் முடிகிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 16, விற்கப்படும் பொருள் விற்பனைக்குத் தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(10), குறைபாடு என்பதை விளக்கும்போது எழுதிய ஒப்பந்தம் மட்டுமல்லாமல் எழுதாமல் உட்பொருளாக நிற்கும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. உற்பத்திக் குறை என்று காட்ட முடிந்தால் வாரண்டிக்கு வெளியிலும் பரிகாரம் கேட்கலாம்.

இதைக் கேட்டு உடனே உற்சாகமும் அடைய வேண்டாம். வாரண்டிக்குள் என்றால் "ஏன் சரிசெய்யவில்லை" என்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். வெளியே வந்துவிட்டால் "இது உற்பத்திக் குறை" என்று நீங்கள் காட்ட வேண்டும். சுமை தோள் மாறிவிடுகிறது. 22 மாதம் என்பது உங்களுக்குச் சாதகமான காலம்தான். ஐந்து வருடப் போனாக இருந்தால் வழக்கே வேண்டாம் என்றிருப்பேன்.

பச்சைக் கோடு உங்கள் போனுக்கு மட்டும் வந்த விசித்திரம் அல்ல என்பதும் உதவும். 2024இல் ஒன்பிளஸ் இந்தியாவில் பச்சைக் கோட்டுக்கென்றே வாழ்நாள் வாரண்டி அறிவித்தது. அதே ஆண்டு சாம்சங் சில கேலக்ஸி எஸ் மாடல்களுக்கு, வாங்கி மூன்று ஆண்டுக்குள் இருந்தால், ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. உங்கள் நிறுவனத்திடமும் சத்தமில்லாமல் இப்படி ஒரு திட்டம் இருக்கக்கூடும். சர்வீஸ் சென்டர் ஊழியர் தானாகச் சொல்லமாட்டார். அதனால் முதல் மின்னஞ்சலிலேயே "இந்த மாடலுக்குத் திரைக் கோடு தொடர்பான இலவச மாற்றுத் திட்டம் ஏதேனும் உள்ளதா? எழுத்தில் பதில் தரவும்" என்று ஒரு வரி சேருங்கள். விவகாரம் இந்த வரியிலேயே முடிந்துபோகவும் கூடும்.

அடி பட்டது என்றார்கள் அல்லவா, அதை வாயால் சொன்னதோடு விடாதீர்கள். மறுபடி போய், பழுதுக்கு வந்த போனைப் பற்றி சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டைப் போடச் சொல்லுங்கள். அதில் கோளாறின் விவரம், ஐஎம்இஐ எண், போனின் வெளிநிலை, நீர் பட்டதைக் காட்டும் குறியீட்டின் நிறம், மறுப்பதற்கான காரணம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். சிராய்ப்பை அங்கேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். விழுந்து உடைந்த திரையில் வழக்கமாக விரிசலோ மை கசிந்தாற்போல் கறையோ இருக்கும். கண்ணாடி முழுசாக, கோடு மட்டும் நேராக இருக்கும் படம் உங்களுக்காகப் பேசும்.

போனை ஒப்படைப்பது, பின் நம்பர், படிவம்

திரை மாற்றுபவருக்கு உங்கள் கேலரியும் வாட்ஸ்அப்பும் தேவையில்லை. சரிபார்க்க வேண்டுமானால் நீங்கள் எதிரில் இருந்து பின் நம்பரைத் தட்டிக் கொடுக்கலாம். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு என்று இருக்கிறது, உங்கள் தரவை மறைத்துவிட்டு போனைச் சோதிக்க மட்டும் அனுமதிக்கும். உங்கள் மாடலில் அப்படி ஒன்று உண்டா என்று செட்டிங்ஸில் தேடுங்கள். இல்லை, விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால்: பேக்கப் எடுத்ததைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள், பில்டு நம்பரும் அப்டேட் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள், கூகுள் கணக்கை நீக்குங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரெகவரி வழியாக அழித்தால் போன் பழைய கணக்கைக் கேட்டு அடம்பிடிக்கும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

டேட்டா படிவத்தில் கையெழுத்திடுவதில் பெரிய ஆபத்து இல்லை, பேக்கப் இருந்தால். ஆனால் அந்தப் படிவம் உங்கள் படங்களை எடுத்துப் பார்க்கவோ பரப்பவோ யாருக்கும் உரிமம் அல்ல. ஒப்பந்தத்தை மீறித் தனிப்பட்ட தகவலை வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 72ஏயின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தரங்கப் படங்களுக்கு 66ஈ தனியாக இருக்கிறது. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. இப்போதைக்கு அதை நம்பி எழுத வேண்டாம்.

ரூ.5,500க்கு மாற்றுவது பற்றி: தடுக்கமாட்டேன், ஆனால் என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். அந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் நகல் திரை. நிறம் மங்கலாம், திரைக்கடி கைரேகை வேலை செய்யாமல் போகலாம், நீர்த்தடுப்புப் பசை போய்விடும். அதைவிட முக்கியம், குறைபாட்டுக்கான ஒரே சாட்சியான பழைய திரை குப்பைக்குப் போய்விடும். தொழில் நிற்கிறது என்றால் அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்து எளிய போன் ஒன்று வாங்கி ஓட்டுங்கள். அந்தப் பில்லையும் வழக்கில் கேட்கலாம். இந்தப் போன் அப்படியே அணைத்து அலமாரியில் இருக்கட்டும். அதிகாரபூர்வ சென்டரிலேயே பணம் கட்டி மாற்றுவது என்று முடிவெடுத்தால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், கழற்றிய திரையைத் திருப்பித் தரவும்" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பழைய திரையைத் தர மறுப்பார்கள், அந்த மறுப்பையும் எழுதி வாங்குங்கள்.

எங்கே, எப்படிப் புகார்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். போன் வந்த பெட்டியில் இந்தியாவில் விற்பனைக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு அச்சாகியிருக்கும். பில், ஜாப் ஷீட், வீடியோ இணைத்து, என்ன வேண்டும் என்று தெளிவாக ஒரே வரியில் கேளுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண் வரும். நிறுவனம் அந்த உதவி மையத்தோடு இணைந்திருந்தால் உள்ளூர் சென்டரைத் தாண்டி மேலே இருப்பவர் பார்ப்பார். ஆனால் அது சமரச மேடைதான், உத்தரவு போட அதற்கு அதிகாரமில்லை. "தீர்க்கப்பட்டது" என்று ஒருதலையாக மூடிவிட்டால் மனம் தளர வேண்டாம், அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூர் போக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34(2)(டி) படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது ஈரோட்டிலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதிடலாம். வக்கீல் நோட்டீஸும் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் நீங்களே ஒரு அறிவிப்பு அனுப்புவது நல்லது. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியும் விநியோகச் சான்றும் சேர்த்துக் கேளுங்கள். புகாரை இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். முன்பிருந்த இ-தாக்கில் தளம் 2025 ஜனவரியிலிருந்து இதற்குள் வந்துவிட்டது. காலக்கெடு, பிரிவு 69 படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும், கோடு வந்த நாள்தான் காரணம் எழுந்த நாள் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

தயாரிப்பாளர், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கடையை விட்டுவிட்டால் தயாரிப்பாளர் "நாங்கள் இவருக்கு விற்கவில்லை" என்பார், தயாரிப்பாளரை விட்டுவிட்டால் கடைக்காரர் "நான் செய்த போனா இது" என்பார்.

புகாரில் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். "பொருள் பொறுப்பு" என்ற தலைப்பு கவர்ச்சியாக இருக்கும், இணைய மாதிரிப் புகார்கள் பலவற்றில் பார்க்கலாம். உங்களுக்கு அது பொருந்தாது. பிரிவு 2(22) படி அந்த அத்தியாயத்தில் தீங்கு என்றால் பொருளால் மற்றவற்றுக்கு வந்த கேடுதான். பொருளுக்கே வந்த சேதமும் வியாபார நஷ்டமும் வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. பேட்டரி வெடித்துக் கை சுட்டிருந்தால் அது வேறு. அதேபோல் "அப்டேட்டில் சம்மதம் கேட்கும் நிபந்தனைகள் நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதாதீர்கள். கருத்து சரியாகவே இருக்கலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்தில்தான் தொடங்குகிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்கள் மனுவை மாவட்டத்திலிருந்து வெளியேற்றப் பார்ப்பார்கள். பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, இந்த இரண்டு போதும்.

ஜிஎஸ்டி எண் பற்றிய உங்கள் பயம் வீணானது அல்ல. "இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக வரும். பிரிவு 2(7)இன் விளக்கம் உங்களுக்குத் துணை நிற்கிறது: சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. ஆள் வைக்காமல், வீட்டிலிருந்து, உங்கள் பிழைப்புக்காக நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரின் இரண்டாம் பத்தியிலேயே எழுதுங்கள். அந்தப் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது போனுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது, எடுத்தீர்களா என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால் மறைக்காதீர்கள், வாதம் கொஞ்சம் கடினமாகும், முடிந்துபோகாது.

சான்றுகள்

ஆணையம் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்மானிக்கும். வீடியோ, ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4)இன்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் இணையுங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். போன் பழுதில் அனுபவமுள்ள, இந்த விவகாரத்தில் தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்பரிடம் வெளிப்பரிசோதனை செய்து எழுத்தில் கருத்து வாங்குங்கள்: கண்ணாடியில் விரிசல் இல்லை, போனின் ஃபிரேம் வளையவில்லை, ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை. போனைத் திறக்க விடாதீர்கள். இது போதவில்லை என்றால், பிரிவு 38(2)(சி) படி போனை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு கொடுக்கலாம். செலவை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டிவரும், 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். ரூ.14,200 திரைக்காக இது தேவையா என்பதை எதிர்த்தரப்பின் பதிலைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. 46ஆம் நாள் வந்தால் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். வழக்கு முழுவதும் ஆய்வு இல்லாவிட்டால் மூன்று மாதத்திலும் இருந்தால் ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஓராண்டுக்கு மேல் இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காணொலி வழி விசாரணையும் கேட்கலாம்.

எவ்வளவு கேட்பது? ரூ.5 லட்சம் மன உளைச்சல் என்று எழுத நினைப்பதாகக் கடிதத்தில் இருக்கிறது. வேண்டாம். இலவசமாக அசல் திரை மாற்றம், இல்லாவிட்டால் விலையைத் திருப்பித் தருவது, மாற்றுப் போனுக்கான செலவு, அலைச்சலுக்கு ரூ.10,000 முதல் 15,000, வழக்குச் செலவு. விற்பனை நஷ்டம் கேட்பதானால் முந்தைய மாதங்களின் யுபிஐ வரவோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், வெறும் மதிப்பீடு எடுபடாது. அளவாகக் கேட்கும் மனுவுக்கு நிறுவனங்கள் முதல் விசாரணையிலேயே சமரசம் பேச வரும். சமரசத்துக்கு ஆணையமே அனுப்பினால் மறுக்காதீர்கள்.

உங்களைப்போல் நாற்பது பேர் இருக்கும் டெலிகிராம் குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எல்லோரும் ஒரே மனுவாகப் போடுவதற்குப் பிரிவு 35(1)(சி)யின்படி ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வெவ்வேறு மாடல், வெவ்வேறு தேதி, வெவ்வேறு ஊர் என்றால் அந்த அனுமதியிலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும். தனித்தனியாகப் போடுங்கள். கூட்டாகச் செய்ய வேண்டியது வேறு: மாடல், பில்டு நம்பர், கோடு வந்த தேதி, பில் நகல் ஆகியவற்றை அட்டவணையாக்கி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள், மாவட்ட ஆட்சியர் வழியாகவும் கொடுக்கலாம். பலருடைய நலனைப் பாதிக்கும் விஷயத்தை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அப்டேட்தான் காரணமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கக்கூடிய இடம் அதுதான், ஈரோட்டு ஆணையம் அல்ல.

வீடியோவும் 66ஏ மிரட்டலும்

புண்படுத்தும் இணையப் பதிவுகளைத் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ இன்று இல்லை. உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று அதை முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. அந்தப் பிரிவில் யாரையும் வழக்குக்கு உட்படுத்தக் கூடாது என்று 2022இல் மறுபடியும் சொல்லியது. கடைக்காரர் கேள்விப்பட்ட எண்ணை எடுத்து வீசியிருக்கிறார்.

அதற்காக எதையும் பேசலாம் என்று ஆகாது. அவதூறு, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இல் இன்னமும் குற்றம்தான். பொதுநலனுக்காகச் சொன்ன உண்மையும், தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதும் விலக்குப் பெறும். உங்கள் வீடியோவில் போன், கோடு, தேதி, ரூ.14,200 மதிப்பீடு இருக்கும் பகுதி உண்மை, அது இருக்கட்டும். "திருட்டுக் கடை, தெரிந்தே ஓட்டை போனை விற்றான்" என்ற இடத்தை வெட்டுங்கள். கடைக்காரருக்குத் தெரியும் என்பதற்கு உங்களிடம் ஆதாரமில்லை. சர்வீஸ் சென்டர் பெண் ஊழியரின் முகத்தையும் மறையுங்கள், முடிவெடுத்தது அவர் அல்ல. திருத்துவதற்கு முன் மூல வீடியோவைத் தனியாகச் சேமியுங்கள்.

நாளை நிறுவனம் இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்து, வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கலாம். ஒப்புக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் திரை, புதிய திரைக்குக் குறைந்தது மூன்று மாத வாரண்டி எழுத்தில், அதன்பின் வீடியோ. "இனி எந்த மன்றத்திலும் புகார் செய்யமாட்டேன்" என்ற வரி இருந்தால் "இந்தக் கோளாறு தொடர்பாக மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். புதிய திரையிலும் ஆறு மாதத்தில் கோடு வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நான்கு சொற்கள் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.